வரி பாக்கி நோட்டீஸ் வந்தால் யாரிடம் போவது? கொங்கு வட்டாரத்துச் சிறுதொழில்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

வாரச் சம்பளம் போடும் சனிக்கிழமை வங்கிக்குப் போன பிறகுதான் பலருக்குத் தங்கள் பேரில் வரி பாக்கி இருப்பதே தெரிய வருகிறது. "உங்க அக்கவுண்டை நிறுத்தி வச்சிருக்காங்க, ஜி.எஸ்.டி. ஆபீஸ்ல இருந்து லெட்டர் வந்திருக்கு" என்கிறார் மேனேஜர். அந்தக் கடிதத்துக்கு டி.ஆர்.சி.-13 என்று பெயர். அதற்குப் பல மாதம் முன்பே உத்தரவு போர்ட்டலில் ஏறியிருக்கும். அதற்கும் முன்னால் விளக்கம் கேட்ட நோட்டீஸ் ஒன்றாவது வந்திருக்கும். ஒன்றையும் யாரும் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

திருப்பூர், பல்லடம், சோமனூர் பக்கம் ஜாப் ஒர்க் செய்பவர்கள், நாமக்கல் லாரிக்காரர்கள், கரூர் தறிக்காரர்கள் என்று யாரை எடுத்தாலும் தொழிலில் கெட்டிக்காரர்கள்தான். வரி நோட்டீஸ் என்றால் மட்டும் "நம்ம ஆடிட்டர் பாத்துக்குவாரு" என்று நகர்ந்துவிடுகிறார்கள். பாக்கித் தொகையைவிட ஆபத்தானது தவறவிட்ட தேதி. தொகையைக் குறைக்கவோ தவணையில் கட்டவோ வழி இருக்கிறது. தேதி போய்விட்டால் அந்த வழிகள் ஒவ்வொன்றாக அடைபடும். ஆகவே நல்ல ஆளைத் தேடுவதற்கு முன்னால் உங்கள் கையில் முடியும் வேலைகள் சில இருக்கின்றன.

முதல் வேலை: லாகின் யார் கையில் இருக்கிறது?

ஜி.எஸ்.டி. பதிவு எடுத்தபோது கொடுத்த செல்போன் எண்ணும் மின்னஞ்சலும் யாருடையது என்று பாருங்கள். பலருக்கு ஆடிட்டர் ஆபீஸ் எண்ணாகவே இருக்கும், அதிலும் அங்கே வேலையை விட்டுப் போய்விட்ட பையனின் எண்ணாக இருந்தால் கேட்கவே வேண்டாம். நோட்டீஸை போர்ட்டலில் ஏற்றிவிட்டாலே உங்களுக்குக் கொடுத்ததாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்கிறது. தபால்காரர் வரவில்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

லாகின் உங்களிடம் இருந்தால் எண்ணை நீங்களே மாற்றிக்கொள்ளலாம். இல்லாவிட்டால் உங்கள் சரகத்து ஜி.எஸ்.டி. அலுவலகத்தில் பதிவுச் சான்று, அடையாள ஆவணங்களோடு விண்ணப்பம் கொடுத்தால் அவர்களே மாற்றித் தருவார்கள். ஆடிட்டருக்கு இது வருத்தமாக இருக்குமோ என்று யோசிக்காதீர்கள். ஓ.டி.பி. வரும்போது போனில் சொன்னால் அவர் வேலை நடக்கும்.

உள்ளே போனதும் வழக்கமான நோட்டீஸ் பக்கத்தோடு நிற்காமல், 'கூடுதல் நோட்டீஸ்கள், உத்தரவுகள்' என்று தனியாக இருக்கும் பகுதியையும் திறந்து பாருங்கள். பலர் தவறவிட்ட நோட்டீஸ்கள் அங்கேதான் கிடந்திருக்கின்றன. வருமான வரி போர்ட்டலில் 'நிலுவையில் உள்ள செயல்கள்' என்பதன் கீழ் பாக்கிக் கோரிக்கைக்குப் பதில் சொல்லும் பகுதி இருக்கிறது. எந்த ஆண்டு, எவ்வளவு தொகை, எந்தத் தேதி உத்தரவு என்று மூன்றும் அங்கே கிடைக்கும்.

வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ நோட்டீஸ் வந்தால் உடனே பயந்துவிடாதீர்கள். 2019 அக்டோபர் 1 முதல் வருமான வரித் துறை அனுப்பும் கடிதங்களில் ஆவண அடையாள எண் ஒன்று இருக்கும். அந்த எண்ணை வருமான வரி போர்ட்டலில் போட்டு நிஜமா போலியா என்று சரிபார்க்கலாம். லாகின்கூடத் தேவையில்லை.

எந்தக் காகிதம், எத்தனை நாள்

எல்லா நோட்டீஸும் ஒரே மாதிரி அல்ல. ஜி.எஸ்.டி.யில் ஏ.எஸ்.எம்.டி.-10 என்றால் உங்கள் ரிட்டனில் ஏதோ பொருந்தவில்லை, விளக்கம் சொல்லுங்கள் என்று கேட்கிறார்கள். டி.ஆர்.சி.-01 என்றால் ஏன் வரி போடக்கூடாது என்று கேட்கும் காரணம் கேட்பு நோட்டீஸ். டி.ஆர்.சி.-07 என்றால் உத்தரவே போட்டுவிட்டார்கள். முதல் இரண்டு கட்டத்தில் ஒழுங்கான பதில் ஒன்று கொடுத்தாலே பல விஷயங்கள் அங்கேயே முடிந்துவிடும், செலவும் குறைவு. டி.ஆர்.சி.-07 வந்த பிறகு மேல்முறையீடுதான். உத்தரவு கிடைத்த நாளிலிருந்து அதற்கு மூன்று மாதம். போதிய காரணம் காட்டினால் இன்னும் ஒரு மாதம். அதற்கு மேல் ஒரு நாள் போனாலும் மேல்முறையீட்டு அதிகாரியால் ஏற்க முடியாது.

வருமான வரியில் கோரிக்கை நோட்டீஸ் வந்தால் கட்டுவதற்கு 30 நாள், மேல்முறையீட்டுக்கும் 30 நாள். இரண்டும் ஒரே நேரத்தில் ஓடுகின்றன என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கணக்கில் வெளிப்படையாகத் தெரியும் தவறென்றால் மேல்முறையீடு வேண்டாம், திருத்த மனு போதும். உத்தரவு போட்ட நிதியாண்டு முடிந்து நான்கு ஆண்டு வரை அதற்கு நேரம் இருக்கிறது.

2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருவதால் பிரிவு எண்களெல்லாம் மாறுகின்றன. பழைய ஆண்டுகளுக்கான பாக்கிகள் 1961 சட்டப்படியே போகும். எண்களை நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. உங்கள் ஆலோசகர் எந்தச் சட்டத்தில் மனு போடுகிறார் என்று கேட்டுக்கொண்டால் போதும்.

பாக்கி நிஜமானதா?

தொகையைப் பார்த்ததும் கட்டிவிடலாமா, எங்கே புரட்டலாம் என்று யோசிக்க வேண்டாம். முதலில் அது உங்கள் பாக்கிதானா என்று பாருங்கள். இந்த வட்டாரத்தில் அடிக்கடி வருவது மூன்று வகை.

ஒன்று, டி.டி.எஸ்., அதாவது பணம் தருபவரே வரியைப் பிடித்துக்கொள்வதில் வரும் பிரச்சினை. எக்ஸ்போர்ட் கம்பெனியோ டிரான்ஸ்போர்ட் ஆபீஸோ உங்கள் பில்லில் வரியைப் பிடித்திருக்கும், ஆனால் அரசுக்குக் கட்டியிருக்காது, அல்லது வேறு யாருடைய பான் எண்ணிலோ ஏற்றியிருக்கும். உங்கள் பேரில் பிடித்துக் கட்டிய வரியைக் காட்டும் 26ஏ.எஸ். படிவத்தில் அது தெரியாததால் அந்தத் தொகையை உங்களிடம் கேட்பார்கள். உங்களிடம் பிடித்துவிட்ட வரியை உங்களிடமே மறுபடி கேட்கக்கூடாது என்று சட்டத்தில் இருக்கிறது. பில், வங்கிக் கணக்கில் வந்த தொகை, பிடித்தம் போட்ட கணக்கு இவற்றைக் காட்ட வேண்டும். பிடித்தவரிடம் சொல்லி அவருடைய டி.டி.எஸ். ரிட்டனைத் திருத்த வைப்பதுதான் சுருக்கு வழி.

இரண்டாவது, நூலோ துணியோ ஸ்கிராப்போ வாங்கிய பில்லுக்கு எடுத்த உள்ளீட்டு வரி, அதாவது வாங்கும்போது கொடுத்த ஜி.எஸ்.டி.யை உங்கள் வரியில் கழித்துக்கொண்டது. விற்றவர் ரிட்டன் போடாமல் போயிருப்பார், அல்லது அவருடைய பதிவையே பின்தேதியிட்டு ரத்து செய்திருப்பார்கள். இங்கே பேசுவது காகிதம்தான்: இ-வே பில், எடை மேடை ரசீது, லாரி வாடகைச் சீட்டு, வங்கி வழியே பணம் போன ஆதாரம். சரக்கு நிஜமாகவே வந்தது என்று காட்ட முடிந்தால் வாதாட இடம் உண்டு. வெறும் பில் மட்டும் வாங்கியிருந்தால் நிலைமை வேறு, அதைக் கீழே சொல்கிறேன்.

மூன்றாவது, பூமி விற்ற பணம். 30 லட்சம் ரூபாய்க்கும் அதற்கு மேலும் நடக்கும் கிரயங்களைப் பத்திர அலுவலகம் வருமான வரித் துறைக்குத் தெரிவித்துவிடும். கோயமுத்தூரைச் சுற்றி இருக்கும் தோட்டத்தை விற்று, விவசாய நிலம்தானே என்று ரிட்டனே போடாமல் இருந்தவர்களுக்கு இரண்டு மூன்று வருஷம் கழித்து நோட்டீஸ் வருகிறது. கிராமப்புற விவசாய நிலத்துக்கு மூலதன ஆதாய வரி, அதாவது சொத்தை விற்ற லாபத்துக்கான வரி இல்லை என்பது உண்மை. ஆனால் எது கிராமப்புறம் என்பதற்கு அளவு உண்டு. நகராட்சி அல்லது மாநகராட்சியின் மக்கள்தொகை 10,000-க்கு மேல் ஒரு லட்சம் வரை இருந்தால் அதன் எல்லையிலிருந்து 2 கிலோமீட்டர், பத்து லட்சம் வரை என்றால் 6, அதற்கு மேல் என்றால் 8 கிலோமீட்டர். இந்தத் தூரத்துக்கு வெளியே நிலம் இருக்க வேண்டும். ரோட்டு வழியாக அல்ல, காக்கை பறக்கும் நேர்கோட்டில் அளப்பார்கள். அடங்கலில் என்ன பயிர் ஏறியிருக்கிறது, தூரத்துக்கு வருவாய்த் துறைச் சான்று கிடைக்குமா என்று பார்த்தால் பல இலட்சம் பாக்கி பூஜ்யமாகக்கூட ஆகலாம். எல்லைக்குள் விழுந்தால் கட்டித்தான் ஆக வேண்டும்.

யாரிடம் போவது

நம்ம ஊரில் ரிட்டன் போட்டுக் கொடுக்கும் எல்லோரையும் ஆடிட்டர் என்றே கூப்பிடுகிறோம். மரியாதைக்குச் சரி, பாக்கி என்று வரும்போது ஆளைப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும்.

மாதாமாதம் ரிட்டன் போடும் கணக்காளரும் ஜி.எஸ்.டி. பிராக்டிஷனரும் ஏ.எஸ்.எம்.டி.-10 மாதிரியான சின்ன விளக்கங்களுக்குப் போதும். உங்கள் கணக்கு அவர்களுக்குத்தான் அத்துப்படி. டி.டி.எஸ். பொருந்தாமை, திருத்த மனு, டி.ஆர்.சி.-01-க்கு விரிவான பதில், மூலதன ஆதாயம், மேல்முறையீடு இவற்றுக்கெல்லாம் சார்ட்டர்டு அக்கவுண்டன்ட் வேண்டும். அவருக்கு ஆறு இலக்க உறுப்பினர் எண் இருக்கும், கேட்டால் சொல்வார். கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம் நான்கு ஊரிலும் அவர்களுடைய இன்ஸ்டிட்யூட்டுக்குக் கிளை உண்டு. சந்தேகம் இருந்தால் அங்கே விசாரிக்கலாம்.

வக்கீல் எப்போது? நோட்டீஸில் மோசடி, வேண்டுமென்றே மறைத்தது என்ற வார்த்தைகள் இருந்தால், போலி பில் விசாரணைக்குச் சம்மன் வந்தால், மேல்முறையீட்டுக் காலம் முடிந்துபோயிருந்தால் வரி வழக்கு நடத்தும் வக்கீலிடம் நேராகப் போய்விடுங்கள். ஜி.எஸ்.டி.யில் சாதாரணத் தவறுக்கு 10 சதவீத அபராதம், மோசடி என்று முடிவானால் வரித் தொகைக்குச் சமமாக அபராதம். அதிகாரி முன்னால் கொடுக்கும் வாக்குமூலம் கடைசிவரை உங்களைத் தொடரும். எனவே வக்கீலிடம் பேசிவிட்டுச் சம்மனுக்குப் போங்கள்.

நாம் பார்க்காமலே உத்தரவு போட்டுவிட்டார்கள், நான்கு மாதமும் தாண்டிவிட்டது என்றால் மிச்சம் இருப்பது உயர்நீதிமன்ற ரிட் மனு. பதில் சொல்ல வாய்ப்பில்லாமல் போன இப்படிப்பட்ட பல வழக்குகளில், தகராறு வரியில் ஒரு பங்கைக் கட்டச் சொல்லி, வழக்கை மறுபடி விசாரிக்கும்படி சென்னை உயர்நீதிமன்றம் திருப்பி அனுப்பியிருக்கிறது. எல்லோருக்கும் கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாம். கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல்காரர்களுக்குச் சென்னை. கரூர்க்காரர்களுக்கு மட்டும் மதுரைக் கிளை. வக்கீல் பார்க்கும்போது இதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், போக்குவரத்துச் செலவே வேறாக இருக்கும்.

ஆளைக் கண்டுபிடிக்க என் முதல் யோசனை, உங்கள் தொழில் சங்கம். கோவைச் சிறுதொழில்காரர் சங்கமான கொடிசியாவோ, தறிச் சங்கமோ, லாரி உரிமையாளர் சங்கமோ, அங்கே இதே மாதிரி நோட்டீஸைத் தாண்டி வந்தவர் யாராவது இருப்பார். சொந்தத்தில் ஒரு மாப்பிள்ளை சி.ஏ. படித்திருக்கிறார் என்பது நல்ல தகுதிதான். ஆனால் அவர் கம்பெனி ஆடிட் மட்டுமே பார்ப்பவராக இருந்தால் அவரிடம் கேட்க வேண்டியது, "மேல்முறையீடு பண்ற நல்ல ஆளா ஒருத்தரச் சொல்லுங்க மாப்ள" என்பது மட்டும்தான்.

எடுத்துப் போக வேண்டியவை

மஞ்சப்பையில் பிரிக்காத கவர்களை அள்ளிக்கொண்டு போய் மேஜையில் கொட்டினால், அவற்றை அடுக்கும் நேரத்துக்கும் நீங்கள்தான் ஃபீஸ் கட்டுவீர்கள். எல்லாக் கடிதங்களையும் தேதி வாரியாக அடுக்குங்கள். மேலே ஒரு வெள்ளைத்தாளில் எந்த ஆண்டு, வரி எவ்வளவு, வட்டி எவ்வளவு, அபராதம் எவ்வளவு, உத்தரவுத் தேதி என்ன என்று எழுதுங்கள். கூடவே அந்த ஆண்டு ரிட்டன்கள், வங்கி ஸ்டேட்மென்ட், 26ஏ.எஸ்., கட்டிய செலான்கள். சொல்லக் கூச்சமாக இருக்கும் சங்கதி ஏதாவது இருந்தால் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். ரொக்கமாக வாங்கிய சரக்கு, தம்பி பேரில் ஓடிய இன்னொரு கணக்கு இதெல்லாம் அதிகாரி சொல்லி உங்கள் ஆலோசகருக்குத் தெரிய வந்தால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

ஃபீஸ் பேசும்போது

கூச்சப்படாமல் கேளுங்கள்: இந்தப் பதிலுக்கு எவ்வளவு, மேல்முறையீடு வரை போனால் எவ்வளவு, நேரில் ஆஜராவது யார், அவரா ஜூனியரா, மனுவின் நகலும் தாக்கல் செய்த ரசீதும் எப்போது தருவார்? பதிலை ஒரு மெசேஜாகவாவது எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வருமான வரி முதல் மேல்முறையீட்டுக்கு அரசுக் கட்டணம் 1,000 ரூபாயைத் தாண்டாது. அதற்கு மேல் கேட்பது எல்லாம் அவருடைய வேலைக்கான கூலி. அது நியாயம்தான், இரண்டையும் கலக்காமல் கேட்டுக்கொள்ளுங்கள்.

"குறைச்சுக் கொடுக்கற தொகையில எனக்கு இருபது பர்சன்ட்" என்று ஒருவர் பேசினால் எழுந்து வந்துவிடுங்கள். வெற்றிக்கு இத்தனை சதவீதம் என்று ஃபீஸ் பேசுவது சார்ட்டர்டு அக்கவுண்டன்டுக்கும் வக்கீலுக்கும் அவர்களுடைய தொழில் விதிகளிலேயே தடை. 'பாக்கியில் 80 சதவீதம் தள்ளுபடி' என்று விளம்பரம் செய்பவரும் அப்படித்தான். நம் நாட்டில் தனியாள் யாரும் துறையோடு பேரம் பேசி வரியைக் குறைக்க முடியாது. அரசே சட்டம் போட்டுத் திட்டம் கொண்டுவந்தால்தான் உண்டு. அப்படி மாநில சமாதானத் திட்டம் ஒன்று 2023-ல் வந்தது. 2017 முதல் 2020 வரையான மூன்று நிதியாண்டுகளுக்கு ஜி.எஸ்.டி. வட்டி, அபராதத் தள்ளுபடி பெற 2025 மார்ச் 31-க்குள் வரியைக் கட்டியிருக்க வேண்டும். வருமான வரிக்கான 'விவாத் சே விஸ்வாஸ்' 2025 ஏப்ரல் 30-ல் முடிந்தது. மூடிய திட்டத்தில் சேர்த்துவிடுகிறேன் என்று யாராவது முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். புதிதாக ஏதாவது வந்தால் செய்தித்தாளில் வராமல் போகாது.

"ஆபீஸ்ல நமக்கு ஆள் இருக்கு" என்பதும் பழைய கதை. வருமான வரி முதல் மேல்முறையீடுகளில் பெரும்பாலானவை 2020 முதல் முகம் பார்க்காமல் கணினி வழியே நடக்கின்றன. உங்கள் கோப்பு எந்த ஊர் அதிகாரியிடம் இருக்கிறது என்று உங்கள் ஆலோசகருக்கே தெரியாது. வரிப் பணத்தை யாரிடமும் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். போர்ட்டலில் செலான் போட்டு உங்கள் வங்கிக் கணக்கிலிருந்தே கட்டுங்கள்.

கட்டத்தான் வேண்டும் என்றால்

நம் பக்கத்துக் கணக்கில் சொல்கிறேன். வருமான வரி பாக்கிக்கு மாதம் ஒரு வட்டி, அதாவது நூற்றுக்கு ஒரு ரூபாய், மாதத்தில் ஒரு நாள் ஆனாலும் முழு மாதக் கணக்கு. ஜி.எஸ்.டி.க்கு வருஷத்துக்கு 18 சதவீதம், அதாவது ஒன்றரை வட்டி. இரண்டு லட்சம் பாக்கி என்றால் முன்னதில் மாதம் 2,000, பின்னதில் 3,000 ரூபாய். பயத்தில் மூன்று வட்டிக்குக் கைமாற்று வாங்கி மொத்தமாகக் கட்டுபவர்கள் இருக்கிறார்கள். அதே தொகைக்கு மாதம் 6,000 கொடுக்கிறார்கள். தவணைக்கு வழி இருக்கும்போது இது வேண்டாத வேலை. அதேபோல் வட்டி குறைவுதானே என்று கட்டாமலே இழுப்பதும் கூடாது, கணக்கை முடக்கிவிட்டால் தொழிலே நின்றுவிடும்.

ஜி.எஸ்.டி. உத்தரவுப் பாக்கிக்கு டி.ஆர்.சி.-20 படிவத்தில் விண்ணப்பித்தால் 24 மாதத் தவணை வரை கிடைக்கலாம். தொகை 25,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்தால் கிடையாது. ரிட்டனில் நீங்களே ஒப்புக்கொண்டு கட்டாமல் விட்ட வரிக்கும் கிடையாது. ஒரு தவணை தவறினாலும் மீதி மொத்தமும் உடனே கட்ட வேண்டியதாகிவிடும். அதனால் தீபாவளி போனஸ் மாதத்தையும் ஆர்டர் இல்லாத மாதத்தையும் கணக்குப் போட்டு, உங்களால் தாங்கக்கூடிய தொகைக்குக் கேளுங்கள். வருமான வரியில், கட்டச் சொன்ன 30 நாள் முடிவதற்குள் அதிகாரிக்குத் தவணை கேட்டு மனு கொடுக்க வேண்டும். பண வரவு செலவுக் கணக்கு ஒரு பக்கம் இணைத்தால் மனுவுக்கு மதிப்புக் கூடும். இதை எழுதிக் கொடுப்பது ஆலோசகர் வேலை, எண்களைக் கொடுப்பது உங்கள் வேலை.

பாக்கியை ஏற்கவில்லை, மேல்முறையீடு செய்கிறோம் என்றால் ஜி.எஸ்.டி.யில் தகராறு வரியில் 10 சதவீதம் முன்கூட்டிக் கட்ட வேண்டும். கட்டிவிட்டால் மீதிக்கு வசூல் நடவடிக்கை தானாக நிற்கும். வருமான வரியில் அப்படித் தானாக நிற்காது. மேல்முறையீடு போட்டதோடு, வசூலை நிறுத்தி வைக்கத் தனியாக மனு கொடுக்க வேண்டும். பொதுவாக 20 சதவீதம் கட்டச் சொல்வார்கள். இந்த இரண்டாவது மனுவைப் போடாமல் விட்டுவிட்டு, அப்பீல்தான் இருக்கிறதே என்று இருந்தவர்களுடைய ரீஃபண்டைப் பாக்கியில் கழித்துக்கொள்வது சாதாரணமாக நடக்கிறது.

கணக்கு ஏற்கெனவே முடங்கியிருந்தால்

வங்கியோடு சண்டை போட்டுப் பயனில்லை, அவர்கள் உத்தரவுக்குக் கட்டுப்பட்டவர்கள். கடிதத்தின் நகலை வாங்குங்கள். எந்த அதிகாரி, எந்த உத்தரவு எண் என்று அதில் இருக்கும். அன்றைக்கே ஆலோசகரை அழைத்துக்கொண்டு அந்த அலுவலகத்துக்குப் போங்கள். கோவையில் மாநில வணிகவரி அலுவலகம் டாக்டர் பாலசுந்தரம் ரோட்டில், வருமான வரி அலுவலகம் ரேஸ்கோர்ஸில். ஜி.எஸ்.டி. என்றால் நீங்கள் மாநிலக் கட்டுப்பாட்டிலா மத்தியக் கட்டுப்பாட்டிலா என்பதைப் பதிவு விவரத்தில் முதலில் பாருங்கள், பலர் ஆபீஸ் மாறிப் போய் ஒரு நாளைத் தொலைக்கிறார்கள். மேல்முறையீட்டுக் காலம் மீதி இருந்தால் 10 சதவீதம் கட்டி மனு போட்ட ரசீதைக் காட்டுவதுதான் வலுவான வழி. இல்லையென்றால் ஒரு பகுதியைக் கட்டி, தவணை மனுவோடு கணக்கை விடுவிக்கக் கேளுங்கள். தொழிலாளர் சம்பளப் பட்டியலையும் வைத்துக் கேட்டால் அதிகாரிகளும் காது கொடுப்பார்கள்.

விடுவிப்புக் கடிதம் கிடைத்ததும், அது தானாக வங்கிக்குப் போய்விடும் என்று விட்டுவிடாமல் ஒரு நகலைக் கிளையில் நேரில் கொடுத்து, முத்திரை போட்ட ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். கட்டி முடித்த பிறகு ஒரு மாதம் கழித்துப் போர்ட்டலைத் திறந்து, பாக்கிப் பட்டியலில் அந்த எண் பூஜ்யம் காட்டுகிறதா என்று பாருங்கள். கட்டிய செலானை உத்தரவு எண்ணோடு பொருத்தாமல் விட்டிருந்தால் கட்டிய பாக்கியும் பாக்கியாகவே தெரியும், அதைச் சரிசெய்து தரும்வரை ஆலோசகரின் கடைசித் தவணை ஃபீஸைக் கையில் வைத்திருக்கலாம்.